வசந்தம் பள்ளிக்குள் வரட்டும். பெற்றோரும் உடன் வரட்டும்

மாசி பிறந்ததும் நாட்டின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கிவிடுகின்றன. ஒருபுறம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகை. மறுபுறம் ஆண்டுத் தேர்வுக்கான திருப்புதல். வெளியே வேம்பு தளிர்க்கிறது. மாமரம் பூத்து முடித்துப் பிஞ்சு பிடிக்கிறது. குயில் கூவத் தொடங்குகிறது. இவ்வளவும் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் நடந்துகொண்டிருக்க, பாடநூலின் கடைசிப் பக்கங்களை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பள்ளி தன் சன்னல்களைச் சாத்திக்கொள்கிறது.

பெற்றோரின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஆண்டு விழாவன்று நாற்காலியில் அமர்ந்து கைதட்டவும், தேர்வு முடிந்தபின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடவும் அவர்கள் அழைக்கப்படுகிறார்கள். மற்ற நாள்களில் பள்ளி வாயிலோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு இந்த மூன்று மாதங்கள் அச்சத்தின் பருவமாக இருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தையையும் தேர்ச்சி பெறவில்லை என்று கூறி அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடமில்லை. அப்படியிருக்க, ஆறு வயதுக் குழந்தையின் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்து, விளையாட்டை நிறுத்தி, பாட்டியை ஊருக்கு அனுப்பி, ஒரு தேர்வுக்காலச் சூழலை நாம் ஏன் உருவாக்குகிறோம்? அந்த நாள்களைப் பள்ளியும் குடும்பமும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்குத் திருப்பிவிட்டால், படிப்பு குறையாது, கூடும்.

பருவத்தை வரவேற்கும் வாசல்கள்

தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அப்போது நம் பள்ளிகள் பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் வசந்தம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பள்ளி நடக்கும்போதே வருகிறது. அதனால் அங்கெல்லாம் பருவத்துக்கும் குழந்தைக்கும் இடையே பழைய உறவு ஒன்று இன்னும் அறுபடாமல் இருக்கிறது.

மேற்கு வங்கத்தில் வசந்த பஞ்சமியன்று சரசுவதி பூசை. நாம் நவராத்திரியின் முடிவில் ஏட்டையும் எழுதுகோலையும் வைத்து வணங்குவதை, அவர்கள் வசந்தத்தின் தலைவாயிலில் செய்கிறார்கள். புத்தகங்களைத் தேவியின் முன் வைத்துவிட்டதால் அன்று யாரும் படிப்பதில்லை. இன்னும் பள்ளி செல்லாத குழந்தையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கும் சடங்கும் அன்றுதான். அந்தப் பூசை முடியும்வரை இலந்தைப் பழம் தின்னக் கூடாது என்பது வங்கத்துப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கட்டளை. பள்ளிகளில் மாணவர்கள் தரையில் அல்பனா என்னும் மாக்கோலம் வரைகிறார்கள். எல்லோரும் பந்தியில் அமர்ந்து கிச்சுரி உண்கிறார்கள்.

உத்தராகண்டத்தின் மலையூர்களில் பங்குனியின் தொடக்கத்தில், அவர்கள் கணக்கில் சைத்ர மாதத்தின் முதல் நாளில், 'பூல் தேயி' வருகிறது. விடியற்காலையில் குழந்தைகள் மஞ்சள் நிறப் பியோன்லியையும் செந்நிறப் புராஞ்சையும் பறித்துக் கூடையில் நிரப்பிக்கொண்டு, வீடுவீடாகச் சென்று ஒவ்வொரு வாசற்படியிலும் பூ வைக்கிறார்கள். அந்த வீட்டில் வளம் பெருகட்டும் என்று வாழ்த்துகிறார்கள். வீட்டார் அரிசியும் வெல்லமும் காசும் தருகிறார்கள். ஊரின் ஒவ்வொரு வாசலும் ஒரு காலைப்பொழுது குழந்தைகளுக்காகத் திறந்திருக்கிறது. எந்தப் பூ எங்கே பூத்திருக்கிறது என்பதை அந்தக் குழந்தை புத்தகத்தில் தேடுவதில்லை. தன் காலால் நடந்து கண்டுகொள்கிறது.

1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களுடன் பள்ளி தொடங்கிய இரவீந்திரநாத் தாகூர், மரத்தடியிலேயே வகுப்பு நடத்தியதும், பருவ விழாக்களைப் பள்ளி வாழ்க்கையின் பகுதியாக்கியதும் இந்த உறவைக் காக்கத்தான். பருவம் எல்லோருக்கும் பொது. அதற்குச் சாதியில்லை, சமயமில்லை, கட்டணமுமில்லை. பல சமயக் குழந்தைகள் ஒன்றாக அமரும் இன்றைய வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான விழாப் பொருள் வேறு கிடையாது.

இந்த வழக்கங்களில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. இவற்றில் பார்வையாளர் என்று எவரும் இல்லை. தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது.

விழா வந்தது, செலவு வந்தது

இன்றைய ஆண்டு விழாவை இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு நான்கு நிமிட நடனத்துக்கு ஓர் உடை வாடகைக்கு எடுக்கப்படுகிறது. ஒப்பனைக்குத் தனிக் கட்டணம். மாறுவேடப் போட்டிக்கு மற்றொரு செலவு. அறிவியல் கண்காட்சிக்கு வேண்டிய எரிமலையும் சூரியக் குடும்பமும் எழுதுபொருள் கடையில் செய்து முடிக்கப்பட்ட நிலையிலேயே கிடைக்கின்றன. வாங்கி வந்து பெயர் ஒட்டினால் போதும். விழா அரங்கில் பெற்றோர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். குழந்தையின் முகத்தைத் திரையில்தான் பார்க்கிறார்கள்.

வசதியுள்ள குடும்பத்துக்கு இது சலிப்பு மட்டுமே. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது ஒரு வேதனை. உடை வாடகையைத் தர இயலாத வீட்டுப் பிள்ளை, அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டுமானால், கட்டட வேலைக்குச் செல்லும் தாய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அவர் வரவில்லை. அக்கறையில்லாத பெற்றோர் என்ற பெயர் மட்டும் அவருக்கு வந்து சேர்கிறது. வந்தவர்களும் தம் பிள்ளையைப் பற்றிய குறைகளை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுத் தலைகுனிந்து திரும்புகிறார்கள். அடுத்த முறை அவர்களும் வருவதில்லை.

குடும்பப் பங்கேற்பு என்பதைப் பணத்தால் அளக்கத் தொடங்கினால், யாருடைய பங்கேற்பு மிகவும் தேவையோ அவர்கள்தாம் முதலில் வெளியே தள்ளப்படுகிறார்கள். பங்கேற்பை நேரத்தாலும் கைத்திறனாலும் அறிவாலும் அளக்க வேண்டும். அந்த மூன்றிலும் ஏழை என்று எவரும் இல்லை.

சட்டம் தந்த இடம்

பெற்றோர் பள்ளிக்குள் வருவது தலைமையாசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் வகுப்பது, வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்ப்பது ஆகியவை அக்குழுவின் பணிகள். அதே சட்டம், குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரை முறையாகச் சந்தித்துத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவும் வைத்திருக்கிறது.

சட்டத்தில் இருக்கும் இடம் நடைமுறையில் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. கூட்டம் நடந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது என்ற மனப்போக்கு பல இடங்களில் உண்டு. வளர்ச்சித் திட்டம் என்ற சொல்லே சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் மட்டுமே நினைவூட்டுகிறது. அவை வேண்டியவைதாம். ஆனால் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தைகள் என்ன செய்வார்கள், அதில் எந்தக் குடும்பம் எந்த வேலையை ஏற்கும் என்பதும் அத்திட்டத்தில் ஒரு பக்கமாக இடம்பெறலாம்.

மராட்டியத்துத் தாய்மார்கள்

இது நடக்கக்கூடியதுதானா என்ற ஐயத்துக்கு மராட்டிய மாநிலம் ஒரு விடை தந்திருக்கிறது. அங்கே 2022 முதல், ஜூனில் முதல் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தைகளுக்காக ஏப்ரல் மாதத்தில் பள்ளிகளில் ஒரு மேளா நடத்தப்படுகிறது. அதற்கு 'முதல் அடி' என்ற பொருளில் மராத்தியில் 'பஹிலே பாவூல்' என்று பெயர். பள்ளி வளாகத்தில் சிறு சிறு மேசைகள் போடப்படுகின்றன. ஓர் இடத்தில் குழந்தை கோட்டின்மீது நடக்கிறது, பந்தை எறிகிறது. ஓர் இடத்தில் பொருள்களை வகைபிரிக்கிறது. மற்றோர் இடத்தில் படத்தைப் பார்த்துப் பேசுகிறது. வேறோர் இடத்தில் எண்ணுகிறது. எது இயல்பாக வருகிறது, எதற்குச் சிறிது உதவி வேண்டும் என்பது ஓர் அட்டையில் குறிக்கப்பட்டுத் தாயின் கையில் தரப்படுகிறது.

மேளா அத்தோடு முடிவதில்லை. அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் சேர்ந்து சிறு குழுக்கள் ஆகிறார்கள். ஒவ்வொரு குழுவையும் ஒரு தாய் முன்னின்று நடத்துகிறார். கோடை முழுவதும், வீட்டில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே செய்யக்கூடிய விளையாட்டுகள் அவர்களுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. பருப்பைக் கொட்டி எண்ணலாம். காய்கறிகளை நிறவாரியாகப் பிரிக்கலாம். ரொட்டி எத்தனை என்று கேட்கலாம். பள்ளி திறக்கும் ஜூனில் இரண்டாவது மேளா நடக்கிறது. அப்போது அதே குழந்தை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைத் தாய் தன் கண்ணால் காண்கிறார்.

இதில் அந்தத் தாய் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 'நான் படிக்காதவள், என்னால் என்ன ஆகும்' என்று ஒதுங்கியிருந்தவரிடம், 'உங்களால்தான் ஆகும்' என்று பள்ளி சொல்கிறது. எந்தப் பாடத்திட்ட மாற்றத்தையும்விட அந்த ஒரு சொல் பெரிது.

வரவு செலவு கற்பிக்கும் சந்தை

கர்நாடகத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 'மக்கள சந்தெ' நடத்துகிறார்கள். கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். 'மக்கட்பேறு' என்னும் நம் சொல்லில் இன்றும் வாழும் பொருளும் அதுவே. அன்று பள்ளி வளாகம் வாரச் சந்தையாகிறது. வீட்டுத் தோட்டத்துக் கீரை, தேங்காய், எலுமிச்சை, வீட்டில் செய்த தின்பண்டம் என்று குழந்தைகள் கொண்டுவந்து கடை விரிக்கிறார்கள். வாங்க வருபவர்கள் பெற்றோரும் ஊராரும். விலை சொல்ல வேண்டும், எடை போட வேண்டும், மீதிச் சில்லறை தர வேண்டும், பேரம் பேசுபவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வங்கியோடு உறவுள்ள நமக்கு இந்தச் சந்தையின் அருமை எளிதில் விளங்கும். இருபது ரூபாய்க்கு வாங்கிய பொருளை இருபத்தைந்து ரூபாய்க்கு விற்றால் கிடைக்கும் இலாபம் பாடநூலில் ஒரு கணக்கு. தன் கையிலிருக்கும் கீரைக்கட்டு மாலைக்குள் வாடிவிடும், அதற்குள் விலையைக் குறைக்கலாமா என்று எட்டு வயதுக் குழந்தை எண்ணும்போது அதுவே வாழ்க்கைக் கணக்கு. சந்தை முடிந்த மாலையில் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு தாளில் முதல் எவ்வளவு, வரவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதவைத்தால், நிதியறிவின் முதல் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது. பத்து வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க இந்திய ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. அந்த வயதை எட்டுமுன் காசை எண்ணவும் காக்கவும் பழகியிருந்தால், கணக்குப் புத்தகம் கைக்கு வரும் நாளில் அது வெறும் விளையாட்டுப் பொருளாக இராது.

ஒரு மரம், ஒரு பாட்டி

சந்தைக்குக்கூட ஏற்பாடுகள் வேண்டும். ஒன்றும் இல்லாமலே தொடங்கக்கூடிய வேலைகளும் உள்ளன. 'சீசன்வாட்ச்' என்னும் மக்கள் அறிவியல் திட்டத்தில் கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் பங்கேற்கிறார்கள். ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதில் தளிர் உண்டா, மொட்டு உண்டா, பூ உண்டா, காய் உண்டா என்று குறித்துவருவதே வேலை. சரக்கொன்றை இந்த ஆண்டு எப்போது பூத்தது என்பதை ஒரு குழந்தை குறித்துவைத்தால், அது அறிவியல் தரவு. 'எங்கள் காலத்தில் விஷு நெருங்கும்போதுதான் பூக்கும்' என்று பாட்டி சொன்னால், அதுவும் ஒரு தரவு. இரண்டையும் அருகருகே எழுதும்போது வகுப்பறையில் பருவ மாற்றம் பற்றிய பாடம் தானாக நடக்கிறது.

பள்ளி வளாகத்தில் ஒரு காய்கறிப் பாத்தி போடலாம். அதன் விளைச்சல் மதிய உணவுக்குப் போகும். உழவுத் தொழில் தெரிந்த தந்தை ஒருவர் அரைமணி நேரம் வந்து மண்ணைக் கொத்திக் காட்டினால், அவர் அன்று அந்தப் பள்ளியின் ஆசிரியர். தையற்காரர், தச்சர், செவிலியர், பேருந்து நடத்துநர், மீன் விற்பவர் என்று ஒவ்வொருவருக்கும் குழந்தைகளுக்குக் காட்ட ஏதோ ஒன்று உண்டு. தன் தந்தையின் தொழிலைச் சக மாணவர்கள் வியந்து பார்ப்பதைக் கண்ட குழந்தை, அன்றுமுதல் நிமிர்ந்து நடக்கும். வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் தாய், தன் மொழியில் ஒரு கதை சொல்லித் தன் பிள்ளையே அதை மொழிபெயர்த்துச் சொல்லட்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை பேசத் தொடங்குவதற்கு அது ஒரு வழி.

எழும் ஐயங்கள்

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்ற மறுப்பு நியாயமானது. பதிவேடுகளும் புள்ளிவிவரங்களும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. அதனால்தான் இப்பணிகளை ஆசிரியர் தலையில் மற்றொரு சுமையாக ஏற்றாமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஏற்க வேண்டும் என்கிறோம். மூன்று மாதங்களில் மூன்று நிகழ்ச்சிகள் போதும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பும் கட்டாயத்தை விதித்துவிட்டால், இதுவும் ஒரு சடங்காகிவிடும்.

பெற்றோரை உள்ளே விட்டால் எல்லாவற்றிலும் தலையிடுவார்கள் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவர் குறை சொல்வார். உள்ளே வந்து அறுபது குழந்தைகளுக்கு உணவு பரிமாறிப் பார்த்தவர், ஆசிரியரின் பாட்டை அறிந்து பேசுவார்.

பெற்றோர் வரமாட்டார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. 2016 ஜூலையில் தில்லி அரசு தன் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில், ஒரு சனிக்கிழமையில், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பை நடத்தியது. வெளிப்படையாக அழைத்து, தோதான நாளில் வைத்தபோது பெற்றோர் திரளாக வந்தார்கள். தமிழகத்தின் 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளும் மாலை 5 மணிக்குப் பிறகே நடத்தப்பட்டன. வேலை முடிந்து வரும் தாயும் தந்தையும் வாசலில் நின்று பார்க்க அதனால் முடிந்தது. வேளையை மாற்றினால் வருகை மாறும்.

நாம் செய்யக் கூடியவை

இவ்விதழின் வாசகர்களில் சிறுதொழில் நடத்துவோரும் கடை உரிமையாளரும் பலர். உங்களிடம் வேலை செய்யும் பெற்றோருக்கு ஆண்டில் இரண்டு அரைநாள்கள், பிள்ளையின் பள்ளிக்குச் சென்றுவரக் கூலி பிடிக்காமல் விடுப்புத் தரலாம். அது பெரிய செலவன்று. அந்த அரைநாளில் ஒரு குழந்தை தன் தாயைத் தன் வகுப்பறையில் காணும்.

பள்ளிக்கு நன்கொடை தர எண்ணுவோர் மேலாண்மைக் குழுவைக் கலந்து, எது தேவை என்று கேட்டுத் தருவது நல்லது. மேடையலங்காரத்துக்குத் தரும் தொகை ஒரே மாலையில் முடிந்துவிடும். நூலகத்துக்குக் கதைப் புத்தகங்களும், தோட்டத்துக்கு மண்வெட்டியும், சந்தைக்கு நான்கு தராசுகளும் வாங்கிக் கொடுத்தால் பல ஆண்டுகள் இருக்கும்.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்குச் செல்வது தாயின் வேலை என்று பல வீடுகளில் பங்கு பிரித்துவிட்டோம். கட்டணம் செலுத்தும் நாளில் மட்டும் தந்தையின் பெயர் தேவைப்படுகிறது. இந்தப் பங்குனியில் ஒரு நாளாவது தந்தை சென்று, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காமல், என் பிள்ளை யாரோடு விளையாடுகிறது, எதைக் கண்டு சிரிக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

தலைமையாசிரியர்களுக்கும் ஒன்று சொல்லலாம். அடுத்த அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று மட்டும் அச்சிடாமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலையை எழுதி அனுப்புங்கள். ஒருவருக்குக் கோலம், ஒருவருக்குக் கதை, ஒருவருக்குத் தண்ணீர்ப் பானை. உடை வாடகைக்கு எடுக்க வேண்டாம், வீட்டில் உள்ளதை உடுத்தி வரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியைப் படித்தபின், காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் தங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும்.